கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால், வட்டார வள மையத்தில் நாங்கள் முதலில் செய்யும் வேலை ஜெனரேட்டருக்கு ஆள் பார்ப்பது. அப்புறம் டீக்குச் சொல்வது, பேனர் அடிக்கக் கொடுப்பது, வருகைப் பதிவேட்டில் கோடு போடுவது. என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்ற கவலை எங்களுக்கு இருந்ததில்லை. அது ஏற்கெனவே கட்டகமாக அச்சாகி மாவட்டத்திலிருந்து வந்துவிடும்.

அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்றுநராகச் சேர்ந்தது 2000-களின் நடுவில். கள்ளக்குறிச்சி பிரியாத பழைய விழுப்புரம் மாவட்டத்தில், கரும்பும் சவுக்கும் விளைகிற ஓர் ஒன்றியம். நான் படித்தது கணிதம். பட்டப்படிப்போடு ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வைத்திருந்ததால், கணினி என்ற சொல் எந்தச் சுற்றறிக்கையில் வந்தாலும் கருத்தாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிடுவார்கள்.

அந்தக் காலத்துக் கட்டகத்தை இப்போது நினைத்தாலும் வரிசை தப்பாமல் சொல்ல முடியும். கணினியின் பாகங்கள். அதை முறையாக அணைப்பது எப்படி. பெயின்ட்டில் ஒரு வீடு வரைவது. வேர்டில் தற்செயல் விடுப்பு விண்ணப்பம் அடிப்பது. பவர்பாயின்ட்டில் பூ பறந்து வந்து உட்காரும் ஒரு ஸ்லைடு. வந்திருக்கும் ஆசிரியர்களில் பாதிப் பேர் ஐம்பதை நெருங்கியவர்கள். மகனோ மகளோ சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. கம்பெனியில் இருப்பார்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஆண்டாண்டுகளாக அனா ஆவன்னா எழுதிக் காட்டிய கை, மவுஸைப் பிடித்ததும் நடுங்கும். அம்புக்குறி திரையின் ஓரத்தை அடையுமுன் மேசையின் ஓரம் வந்துவிடும். மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்று தோன்றாது. கையை நீட்டிக்கொண்டே போய்ப் பக்கத்து டீச்சர் மடியில் இடிப்பார்கள். ஒரே சிரிப்பாக இருக்கும். மாலையில் பயணப்படிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்து போவோம்.

பயிற்சி முடிந்து பள்ளிப் பார்வைக்குப் போகும்போதுதான் அடுத்த காட்சி. பெரும்பாலும் நடுநிலைப் பள்ளிகளில்தான் கணினி வழிக் கற்றல் மையம் இருந்தது. திருட்டுப் பயத்தில் கம்பிக் கதவு போட்ட அறை, சாவி தலைமையாசிரியர் இடுப்பில். உள்ளே தூசி படியாமல் பழைய சேலை போர்த்திய கணினிகள். இரண்டாம் வகுப்பில் போய்க் கேட்டால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொல்வார்கள்: மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சி.பி.யு. நோட்டில் படமும் இருக்கும். மவுஸுக்கு மீசை வரைந்த பையன் ஒருவனை நினைவிருக்கிறது. அவன் அதுவரை அந்த அறைக்குள் போனதில்லை.

அறை திறந்திருக்கும் பள்ளிகளில் வேறொன்றைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். திரையில் பழங்களைக் கூடையில் போடும் விளையாட்டு. குழந்தை யோசித்துக்கொண்டே அம்புக்குறியை நகர்த்தும். அது தவறான கூடைப் பக்கம் சாய்கிற கணத்தில், பின்னாலிருந்து டீச்சரின் கை வந்து குழந்தையின் கையோடு சேர்த்து மவுஸைப் பிடிக்கும். "இங்க இல்லம்மா, இங்க. ம்... அமுக்கு." விளையாட்டு கைதட்டும். குழந்தை டீச்சரைப் பார்க்கும். டீச்சர் என்னைப் பார்ப்பார். அடுத்த குழந்தைக்கும் இதே கதைதான்.

இதில் டீச்சரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அந்தக் கை தொழில் கொடுத்த கை. கோணல் 'ழ'வைப் பார்த்தால் கை தானாகப் போய்த் திருத்தும். சிலேட்டுக் குச்சியைப் பிடித்த பிஞ்சு விரலை மேலிருந்து பிடித்து எழுத வைத்துத்தான் ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து வந்தது. ஆனால் கணினியில் ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால், அது அந்தத் தவறான கூடையில்தான் இருக்கிறது. பழம் அங்கே விழ வேண்டும். ஏன் விழுந்தது என்று குழந்தை பார்க்க வேண்டும். நாங்கள் பயிற்சியில் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம், அவர்கள் பிடித்தார்கள். எப்போது விட வேண்டும் என்பது கட்டகத்தில் இல்லை.

ஆமை என்னிடம் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் மையத்துக்கு வந்த லினக்ஸ் கணினி ஒன்றில் கேடர்ட்டில் என்ற சிறிய நிரல் இருந்தது. கட்டளை அடித்தால் திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். இதன் பூர்வீகத்தைத் தேடிப்போனால் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரமும் 1967-ஆம் ஆண்டும் வந்தன. சேமர் பேப்பர்ட், வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய லோகோ மொழி. பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதக்காரர். ஜெனீவாவில் பியாஜேயிடம் சில ஆண்டுகள் இருந்தவர். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் பியாஜேயை உளவியல் பாடமாக மனப்பாடம் செய்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அவரிடம் பழகிய ஒருவர் அதைக் கணினிக்குக் கொண்டுபோனார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. 1980-இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் பேப்பர்ட் சொல்லும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: கணினி குழந்தைக்குப் பாடம் நடத்தக் கூடாது, குழந்தைதான் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழத்தைக் கூடையில் போடும் விளையாட்டு இதற்கு நேர் எதிர்.

அடுத்த பயிற்சியில் கட்டகத்தின் பெயின்ட் பகுதியைச் சுருக்கிவிட்டு ஆமையை இறக்கினேன். முதலில் சதுரம். முன்னே 100, வலப்பக்கம் 90, இதையே நான்கு முறை. எல்லோருக்கும் வந்துவிட்டது, ஒரே உற்சாகம். அடுத்து முக்கோணம் என்றேன். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று தெரியாத ஆசிரியர் யார்? முன்னே 100, வலப்பக்கம் 60, மூன்று முறை. திரையில் முக்கோணம் வரவில்லை. வாயைத் திறந்த சட்டி மாதிரி ஏதோ ஒன்று நின்றது.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்" என்றார் ஒருவர். இன்னொருவர் தன் கணினி மட்டும்தான் இப்படியோ என்று பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தார். அங்கேயும் அதே சட்டி. விடையைச் சொல்லிவிட என் நாக்குத் துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். யாராவது கேட்டால் "ஆமை என்ன செய்தது?" என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். ஒரு மேடம் கோபத்தில், "சார், தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க" என்றார்.

கடைசியில் எழுந்தவர் ஈராசிரியர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. நாற்காலிகளை ஒதுக்கச் சொன்னார். தானே ஆமையானார். நேராகச் சில அடி நடந்து நின்றார். "இப்ப என் மூஞ்சி எங்க பார்க்குது? முன்னாடி. முக்கோணத்தோட அடுத்த பக்கம் எங்க இருக்கு? எனக்குப் பின்னாடி, ஒரு பக்கமா. அறுபது திரும்பினா நான் இந்தப் பக்கம்தான பார்ப்பேன்?" புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, திரும்ப வேண்டிய அளவுக்கு உடம்பைத் திருப்பினார். பாதிச் சுற்றைத் தொட்டும் தொடாமலும் ஒரு பெரிய திருப்பம். "இது அறுபது இல்ல. இது நூத்தி இருபது." அப்புறம் மூன்று மூலையும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, புறப்பட்ட திசையையே பார்த்து நின்றார். ஒரு முழுச் சுற்று, 360. மூன்றால் வகுத்தால் 120. சதுரத்துக்கு நான்கால் வகுத்தால் 90. உள்ளே இருக்கும் கோணமும் ஆமை திரும்பும் கோணமும் சதுரத்தில் ஒன்றாக இருந்துவிட்டதால், சதுரம் போடும்போது இந்தக் குட்டு வெளிப்படவே இல்லை. சட்டி வேறொன்றுமில்லை, பாதி அறுகோணம். இன்னும் மூன்று முறை போடச் சொன்னால் மூடிக்கொள்ளும். போட்டுப் பார்த்தார்கள், மூடிக்கொண்டது.

அன்றைக்கு யாரும் நான்கு மணிக்கு டீ கேட்கவில்லை. கணிதம் படித்த எனக்கு வெளிக்கோணம் தெரியும்தான். ஆனால் அந்த அம்மா நடந்து கண்டுபிடித்ததுபோல் எனக்கு யாரும் காட்டியதில்லை.

ஆமை ஆசிரியர்களுக்குச் சரி, ஒன்று இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாகைக் கணக்கு எட்டாது. இங்கிலாந்தில் இதற்கென்று பீபாட் என்ற மஞ்சள் தேனீப் பொம்மை இருக்கிறது. முதுகில் முன், பின், இடம், வலம் என்று பொத்தான்கள். அமுக்கிய வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு தரையில் 15 சென்டிமீட்டர் 15 சென்டிமீட்டராக ஊர்ந்து போகும். திரும்பினால் கால் சுற்றுதான். எங்கள் ஒன்றியத்தில் அதை வாங்க யாரிடம் பணம்? தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அம்புக்குறி அட்டைகள் செய்தோம். தொடக்கப் பள்ளியில் டி.எல்.எம்., அதாவது கற்பித்தல் துணைக்கருவி, என்றாலே கல்யாணப் பத்திரிகைதான். ஒரு குழந்தை பொம்மை. மற்ற குழந்தைகள் அட்டைகளை வரிசையாக அடுக்கி, பள்ளிக்கூட மூலையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். பொம்மை யோசிக்கக் கூடாது, அட்டை சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சுவரில் முட்டச் சொன்னால் முட்ட வேண்டும். பிள்ளைகளுக்குச் சுவரில் முட்டுவதில்தான் குஷியே.

2012 வந்தது. மாவட்டங்களில் மின்வெட்டு நாளின் பாதிக்கு மேல் போன காலம். ஜெனரேட்டர் வாடகைக்கு ஒதுக்கீடு போதவில்லை. டீசல் தீர்ந்து பயிற்சி பாதியில் நின்ற நாள்களும் உண்டு. அந்த நெருக்கடியில்தான் நியூசிலாந்தின் டிம் பெல், இயன் விட்டன் இருவரும் மைக் ஃபெல்லோஸும் சேர்ந்து 1990-களில் தொகுத்த 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' என்ற பயிற்சித் தொகுப்பு என் கைக்கு வந்தது. பிளக்கே வேண்டாத கணினிப் பாடம். எங்கள் ஒன்றியத்துக்கென்றே எழுதியது போல இருந்தது.

அதில் ஒரு பயிற்சியைப் பள்ளி முற்றத்து சிமென்ட் தரையில் போட்டோம். ஒரு பக்கம் ஆறு பேர் வரிசையாக நிற்பார்கள். தரையில் 12 வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். கோட்டில் நடந்து வட்டத்துக்கு வந்தால் எதிரில் இன்னொருவர் வருவார். இரண்டு பேரும் கையில் உள்ள எண்ணை ஒப்பிட வேண்டும். சிறியது இடப்பக்கக் கோட்டில் போகும், பெரியது வலப்பக்கக் கோட்டில் போகும். அவ்வளவுதான் விதி. ஆறு பேரும் எந்த வரிசையில் உள்ளே நுழைந்தாலும், மறுபக்கம் வெளியே வரும்போது சிறியதிலிருந்து பெரியதாக ஒழுங்காக நிற்பார்கள். முழு வரிசையும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் மூன்று ஒப்பீடுகள் வரை நடக்கும்.

எண் அட்டைக்குப் பதில் பணியில் சேர்ந்த தேதியை வைத்துக்கொள்வோம் என்று ஆசிரியர்களே முடிவு செய்தார்கள். பணிமூப்பு என்றால் எங்கள் ஆட்களுக்குத் தனி உயிர் வந்துவிடும். முதல் வட்டத்திலேயே சண்டை. இரண்டு பேர் ஒரே தேதியில் சேர்ந்தவர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு யாருக்கு, பிறந்த தேதி யாருக்கு முன்னால் என்று ஆரம்பித்துவிட்டார்கள். "சமமா இருந்தா என்ன பண்றதுன்னு விதியில இல்லையே சார்" என்று ஒருவர் என்னைக் கேட்டபோது, மென்பொருள் எழுதுகிறவர்களின் அன்றாடத் தலைவலிக்குள் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்தது. விதியை நீங்களே சேருங்கள் என்றேன். பிறந்த தேதி என்று முடிவானது.

மறுபடி நடந்தார்கள். நடுவில் எல்லாம் நின்றுபோனது. ஒரு வட்டத்தில் டீச்சர் ஒருவர் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். எதிரில் வர வேண்டியவர் வரவில்லை. பார்த்தால், பணிமூப்பில் எல்லோருக்கும் மூத்த தலைமையாசிரியர் ஒருவர் கோட்டையெல்லாம் தாண்டிப்போய் உரிய முனையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "நான்தான சீனியர்? கடைசியில இங்கதான வந்து நிக்கப்போறேன்? நடுவுல எதுக்குச் சுத்தணும்?" அவர் சொன்ன முடிவு சரிதான். அவர் அங்கே போய் நின்றதால் மற்ற ஐந்து பேரின் வரிசையும் கெட்டுப்போனது. விடை தெரிந்தவர் முன்கூட்டிப் போய் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. தனியாக நின்ற டீச்சரே சொன்னார்: "நீங்க அங்க போயிட்டீங்க சார், நான் யாரோட ஒப்பிடுறது?"

ஒன்றியத்தில் எல்லா ஆசிரியர்களும் ஒரே மாதிரி இதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கணினி பழகிய இளைஞர்கள்தான் முன்னே நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. செயல்வழிக் கற்றலை மனதார நடத்தியவர்கள், வீட்டில் கணினி இல்லாதவர்கள்கூட, சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஆந்திராவின் ரிஷிவேலியில் பார்த்துவிட்டு வந்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய முறை அது. 2007-08-இல் மாநிலம் முழுக்கச் சுமார் 37,000 பள்ளிகளுக்கு வந்தது. சுவரில் கற்றல் ஏணி இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், அந்தச் சின்னம் போட்ட அட்டை தட்டில் இருக்கும். குழந்தை தன் படியைத் தானே பார்த்து, அட்டையைத் தானே எடுத்து, எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். முடித்த பிறகே அடுத்த படி. டீச்சர் பாயில் உட்கார்ந்திருப்பார்.

அந்த முறைக்குக் குறைகள் உண்டு, அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த வாக்குவாதங்களும் உண்டு. ஆனால் அந்த ஏணியே படிப்படியான ஒரு நிரல்தான். அதைவிட முக்கியம், அந்த வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் இருந்த ஆசிரியரின் கை, குழந்தைக்கு முன்னால் ஓடாமல் இருக்கப் பழகியிருந்தது. அவர்களுக்குப் பயிற்சியில் புதிதாக எதையும் ஊட்ட வேண்டியிருக்கவில்லை. பின்னாளில், 2022-இல், எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தபோதும் இந்த ஆசிரியர்கள்தான் முதலில் நிதானப்பட்டார்கள்.

கோலம் பயிற்சிக்குள் வந்தது பெண் ஆசிரியர்களால். ஒருவர் வராந்தாவில் நின்று சொல்ல வேண்டும், இன்னொருவர் அறைக்குள் கரும்பலகையில் போட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. "ஊடுபுள்ளி, ஏழு, நாலு" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. உள்ளே இருந்தவர் கண்ணிமைக்கும் நேரத்தில் நடுவரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் இடைவெளிகளில் 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டே போய் நிறுத்தினார். மூன்றே சொல்லில் 37 புள்ளிகள். ஆண் ஆசிரியர்கள் பிரமித்துப் பார்த்தோம். ஆனால் கோடு இழுக்கும்போது தகராறு வந்தது. "வளைச்சு வா" என்றால் எந்தப் பக்கம்? எந்தப் புள்ளியைச் சுற்றி? போடத் தெரிந்தவருக்குச் சொல்லத் தெரிவதில்லை என்று அன்றைக்கு எல்லோரும் கண்டோம். கோலத்தைக் கணினிக்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருதிவாசன் மூவரும் 1974-இலேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் கட்டுரையாக எழுதி வெளிநாட்டு ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஒரு டீச்சர், "அப்ப எங்கம்மா எஞ்சினியர்" என்றார்.

பயிற்சி வகுப்பில் நடப்பது ஒன்று, பள்ளியில் நடப்பது வேறு. மாநிலத்தில் ஒருவர் கற்று, மாவட்டத்தில் சொல்லி, ஒன்றியத்தில் சொல்லி, குறுவள மையத்தில் சொல்லும்போது பாதி ஆவியாகிவிடும். அட்டை கீழே வரை வரும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு டீச்சர் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது வராது. அதனால் எங்கள் ஒன்றியத்தில் மெல்ல ஒரு மாற்றம் செய்தோம். குறுவள மையப் பயிற்சிக்குப் பதில், வேலை நாளில் ஒரு பள்ளியிலேயே பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் கூடுவது. ஒருவர் பிள்ளைகளோடு நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பவர்களுக்கு ஒரே வேலைதான்: டீச்சரின் கை எத்தனை முறை முன்னால் வருகிறது என்று எண்ணுவது. முதலில் எல்லோருக்கும் கூச்சம். பிறகு அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

அப்படி ஒரு மதியம், மூன்றாம் வகுப்பில் அந்த 12 வட்டப் பயிற்சி. பிள்ளைகள் கையில் இரண்டிலக்க எண் அட்டைகள். ஓடி ஓடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக்கு முந்திய வட்டத்தில் 29 வைத்திருந்த பையனும் 41 வைத்திருந்த பெண்ணும் சந்தித்தார்கள். பையன் அட்டையைத் தட்டிக் காட்டி, "என்கிட்ட ஒம்பது இருக்கு, நான்தான் பெருசு" என்று வலப்பக்கம் போய்விட்டான். பெண்ணும் ஒப்புக்கொண்டு இடப்பக்கம் போனது. டீச்சரின் வலது கை தோள் வரை எழுந்தது. எழுந்த கையை இடது கையால் பிடித்துப் பின்னால் கட்டிக்கொண்டார். வரிசை வெளியே வந்தது. 41-க்கு அடுத்து 29. "ஏய், தப்பு, தப்பு" என்று பிள்ளைகளே கத்தினார்கள். யார் சொன்னதாலும் அல்ல, அவர்களாகவே கோட்டில் பின்னோக்கி நடந்தார்கள். வட்டம் வட்டமாக நின்று, "இங்க நீ யாரு, நான் யாரு?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அந்த வட்டத்துக்கு வந்ததும் 41 சொன்னது: "எனக்கு நாலு பத்து இருக்கு. உனக்கு ரெண்டு பத்துதான்." பையன் இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இடம் மாறி நின்றான்.

வகுப்பு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து பேசியபோது அந்த டீச்சர் சொன்னார்: "இவன் ஒம்பதைப் பார்த்துப் பெருசுன்னு சொல்றவன்னு எனக்கு இன்னைக்குத்தான் சார் தெரியும். கணக்கு நோட்டுல எல்லாம் ரைட்டுதான் வாங்குறான். தப்புப் போடப் போறான்னு தெரிஞ்சாலே நான் சொல்லிடுறேன்ல?" கணினியைப் பற்றிய பயிற்சியில் இடமதிப்பு வெளியே வந்தது. பிழை எங்கே பிறந்தது என்று கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பதுதான் நிரல் எழுதுகிறவர்களின் தினசரி வேலை. அந்தப் பிள்ளைகள் அதைச் செய்தார்கள், அந்தப் பள்ளியில் ஒரு கணினிகூட இல்லை.

இங்கிலாந்தில் இதைத் தலைகீழாக, பாடத்திட்டத்தை முதலில் வைத்துச் செய்துபார்த்தார்கள். பள்ளிகளில் கணினிப் பாடம் மென்பொருள் பழகுவதாகச் சுருங்கிக் கிடக்கிறது என்று ராயல் சொசைட்டி 2012 ஜனவரியில் அறிக்கை விட்டது. 2014 செப்டம்பரில் ஐந்து வயதிலிருந்தே கணினியியல் கட்டாயப் பாடமானது. படிமுறை என்றால் என்ன, சிறிய நிரலை எழுதிப் பிழை திருத்துவது எப்படி, ஒரு நிரல் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்வது எப்படி என்பவை ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. அதே ஆண்டு எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைகளும் கட்டங்களை நகர்த்தி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் ஜூனியரும் வந்தது. எல்லாம் இருந்தும், 2017-இல் அதே ராயல் சொசைட்டி திரும்பிப் பார்த்தபோது, பாடம் ஓரிடத்தில் நன்றாகவும் ஓரிடத்தில் பெயரளவிலும் நடப்பதைக் கண்டது. ஆசிரியர்களுக்குப் போதிய துணை இல்லை என்பது அதன் முக்கியமான முறையீடுகளில் ஒன்று. அதன் பிறகுதான் 8.4 கோடி பவுண்டில் கணினிக் கல்விக்கென்றே ஒரு தேசிய மையம் அமைத்து ஆசிரியர் பயிற்சியைத் தூக்கிப் பிடித்தார்கள். பணமும் கருவியும் பாடத்திட்டமும் உள்ள நாடும் கடைசியில் வந்து நின்றது ஆசிரியர் பயிற்சியில்தான்.

இங்கே தொடக்கப் பள்ளியில் கணினி இன்னும் தனிப்பாடம் இல்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட நிரல் எழுதுவதை நடுநிலை வகுப்புகளிலிருந்துதான் பேசுகிறது. ஆனால் கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன. திறன் வகுப்பறைத் திரைகள், ஆசிரியர் கையில் கையடக்கக் கணினி. இன்றைக்கு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர் கைபேசியிலேயே ஆயிரம் வேலை பார்க்கிறார். சொல்லப்போனால் அதுதான் புதுச் சிக்கல். காலையில் வருகைப் பதிவு, பிறகு மதிப்பீடு, பிறகு படம் பிடித்து ஏற்றுவது என்று கணினி அவருக்கு மேலிடத்துக்குக் கணக்குச் சொல்லும் பொருளாகிவிட்டது. சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும் எரிச்சலோடு நிமிர்கிறவரிடம், குழந்தை விளையாடித் தப்புப் பண்ணட்டும் டீச்சர் என்று சொன்னால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். முன்பு கருவியைக் கண்டு பயம் இருந்தது, சொல்லிக் கொடுத்துப் போக்கினோம். இந்தச் சலிப்பைப் பயிற்சியால் போக்க முடியாது. அவர் தோளில் இருக்கும் பதிவேற்றச் சுமையைக் குறைத்தால்தான் போகும்.

பணி ஓய்வுக்குப் பிறகும் எப்போதாவது கருத்தாளராகக் கூப்பிடுகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு என்றெல்லாம் தலைப்புப் போட்டு அழைப்பு வருகிறது. போக மாட்டேன் என்று சொல்வதில்லை. இரண்டு கேள்வி மட்டும் கேட்கிறேன். பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவார்களா? ஒரு பருவம் கழித்து அதே ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டா? இரண்டும் இல்லையென்றால் பவர்பாயின்ட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும், அதற்கு ஏன் ஒரு நாள் பள்ளியை மூட வேண்டும்? இரண்டும் உண்டென்றால், கணினி எத்தனை இருக்கிறது என்றுகூடக் கேட்பதில்லை. சாக்பீஸ் பெட்டி ஒன்று போதும், மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஆசிரியர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை மாறவில்லை: குழந்தை தவறு செய்யும்போது கை பின்னால் இருக்க வேண்டும். வாயில் மூன்றே கேள்விகள்தான் இருக்க வேண்டும். நீ என்ன நினைச்ச? நீ என்ன சொன்ன? அது என்ன செஞ்சது?